290 பிராட்வே: ஒரு ஆபீஸ் கட்டடத்துக்கு அடியில் 419 பேர்

இன்னைக்கு நாம நியூயார்க் போறோம். டைம்ஸ் ஸ்கொயர், சுதந்திர தேவி சிலை, அதெல்லாம் இல்ல. மன்ஹாட்டன் தீவின் தெற்குப் பகுதியில், நகரசபைக் கட்டடத்திலிருந்து பொடிநடையாகப் போய்விடக்கூடிய தூரத்தில், 290 பிராட்வே என்ற முகவரியில் 34 மாடி அரசு அலுவலகம் ஒன்று நிற்கிறது. உள்ளே வருமான வரித் துறை, சுற்றுச்சூழல் துறை ஊழியர்கள் வேலை பார்க்கிறார்கள். ஒரு தடவை பார்த்தால் மறுநாள் ஞாபகத்தில் இருக்காத மாதிரியான கட்டடம். அதற்கு அஸ்திவாரம் போட மண்ணைத் தோண்டினார்களே, அப்போது என்ன நடந்தது என்பதுதான் இந்த எபிசோட்.

முதல்ல ஒரு மேப் பத்திச் சொல்லிடறேன். 1755இல் மேர்ஷாக் என்ற நில அளவையாளர் வரைந்த நியூயார்க் வரைபடம் அது. அன்றைய ஊர், தீவின் தெற்கு முனையில் ஒரு சின்னத் திட்டு. ஊர் எல்லைக்கு வெளியே, ஒரு பெரிய குளத்துக்குப் பக்கத்தில், பள்ளமான ஒரு நிலத்தின் மேல் 'நீக்ரோக்களின் இடுகாடு' என்று தெளிவாக எழுதியிருக்கிறது. இது ரகசிய ஆவணமெல்லாம் கிடையாது. நூலகத்தில் இருந்தது, ஆய்வாளர்களுக்குத் தெரியும். 1990இல் அமெரிக்க மத்திய அரசின் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் ஜெனரல் சர்வீசஸ் அட்மினிஸ்ட்ரேஷன், சுருக்கமாக ஜிஎஸ்ஏ, இந்த மனையை நகராட்சியிடமிருந்து வாங்கியபோதும் அது அதே இடத்தில்தான் இருந்தது.

சரி, அப்புறம் ஏன் வாங்கினாங்க?

அமெரிக்காவில் 1966இல் வந்த தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தில் 106ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. மத்திய அரசுப் பணமோ அனுமதியோ சம்பந்தப்பட்ட எந்தத் திட்டமானாலும், அதனால் வரலாற்றுச் சின்னங்களுக்கு என்ன பாதிப்பு வரும் என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். 'பார்க்க வேண்டும்' என்பதுதான் அங்கே முக்கியமான வார்த்தை. பார்த்துவிட்டுக் கட்டலாம், ஆலோசனை கேட்டுவிட்டுக் கட்டலாம். கட்டக் கூடாது என்று அந்தப் பிரிவு எங்கேயும் சொல்லவில்லை. இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

சட்டப்படி ஜிஎஸ்ஏ ஒரு ஆய்வறிக்கை எழுதவைத்தது. அறிக்கை எழுதியவர்கள் இடுகாடு அங்கே இருந்ததை மறைக்கவில்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் அந்த மனையில் வரிசையாகக் கட்டடங்கள் வந்தன, அவற்றின் நிலவறைகளைத் தோண்டியபோதே பெரும்பாலான கல்லறைகள் அழிந்திருக்கும் என்று முடிவுகட்டினார்கள். நடுவில் போன ரிபப்ளிகன் ஆலி என்ற பழைய சந்துக்கு அடியில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். கேட்க நியாயமான வாதம்தான். ஒன்றைத்தான் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. அந்த நிலம் பள்ளம் என்று சொன்னேன் இல்லையா? 1790களில் இடுகாட்டை மூடி மனைகளாகப் பிரித்து விற்றபோது, தெரு மட்டத்துக்குக் கொண்டுவர வண்டி வண்டியாக மண்ணைக் கொட்டி மேடாக்கினார்கள். சில இடங்களில் 20 அடிக்கும் மேல். பின்னால் வந்தவர்கள் தோண்டிய நிலவறைகள் எல்லாம் இந்தக் கொட்டிய மண்ணோடு நின்றுவிட்டன. அதற்குக் கீழே இடுகாடு அப்படியே கிடந்தது. மேலே கடைகள், சேமிப்புக் கிடங்குகள், வாகன நிறுத்தம் என்று 200 வருஷம் ஓடிவிட்டது.

1991 கோடையில் தோண்ட ஆரம்பித்தார்கள். மண்வெட்டி கீழே இறங்க இறங்க ஒன்று இரண்டு என்று எலும்புக்கூடுகள் வந்தன. அக்டோபரில் ஜிஎஸ்ஏ பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு விஷயத்தை அறிவித்தது. ஒரு சந்துக்கடியில் சில கல்லறைகள் என்று நினைத்தது, மொத்தம் 6.6 ஏக்கர் பரப்புள்ள இடுகாட்டின் ஒரு மூலை என்று போகப் போகத்தான் புரிந்தது. முழு இடுகாட்டிலும் சுமார் 15,000 பேர் புதைக்கப்பட்டிருக்கலாம் என்பது இன்றைய மதிப்பீடு.

இங்க கொஞ்சம் நிறுத்தி, யார் இவங்கன்னு பார்த்துடுவோம். ஏன்னா, அமெரிக்க அடிமை முறைன்னதும் நமக்குத் தெற்கு மாநிலங்களின் பருத்திக் காடுகள்தான் ஞாபகம் வரும். நியூயார்க் அந்தப் படத்திலேயே இருக்காது. பல அமெரிக்கர்களுக்கும் 1991 வரை அப்படித்தான் இருந்தது.

நியூயார்க் டச்சுக்காரர்களிடம் நியூ ஆம்ஸ்டர்டாமாக இருந்த காலத்திலேயே, 1626 வாக்கில், டச்சு மேற்கிந்தியக் கம்பெனி 11 ஆப்பிரிக்க ஆண்களை அடிமைகளாகக் கொண்டுவந்தது. பாலோ அங்கோலா, சைமன் காங்கோ என்று சிலரின் பெயர்கள் ஆவணத்தில் இருக்கின்றன. காட்டை வெட்டியது, கோட்டையையும் சாலையையும் போட்டது இவர்கள். ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்த பிறகு நிலைமை இன்னும் மோசமானது. 1703இல் நியூயார்க் நகரக் குடும்பங்களில் 42 சதவீதம் அடிமை வைத்திருந்தன. பெரிய பண்ணையார்கள் இல்லை இவர்கள். தச்சர், ரொட்டி சுடுகிறவர், விதவை என்று சாதாரண ஜனங்கள். 1711இல் வால் ஸ்ட்ரீட் கடைசியில், ஆற்றோரத்தில், அடிமைச் சந்தையை நகராட்சியே சட்டம் போட்டுத் திறந்தது. ஆமாம், அதே வால் ஸ்ட்ரீட்தான்! நியூயார்க் மாநிலத்தில் அடிமை முறை முழுசாக ஒழிந்தது 1827இல்.

செத்த பிறகாவது விட்டார்களா என்றால், இல்லை. 1697இல் டிரினிட்டி தேவாலயம் தன் கல்லறைத் தோட்டத்தில் கறுப்பர்களைப் புதைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. அதனால் ஊருக்கு வெளியே இருந்த அந்தப் பள்ளம்தான் அவர்களுக்குக் கதி. 1712இல் அடிமைகள் ஒரு கிளர்ச்சி செய்தார்கள். அதற்குப் பின், நாலு பேர் ஒன்றாகக் கூடினாலே நகராட்சிக்குப் பயம். 1722இல் ஒரு சட்டம்: அடிமைகளைப் பகல் வெளிச்சத்தில்தான் புதைக்க வேண்டும். ஆப்பிரிக்கச் சமூகங்கள் பலவற்றில் இரவில் அடக்கம் செய்வது வழக்கம் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்க. 1731இல் இன்னொரு சட்டம்: தூக்குகிறவர்களும் குழி வெட்டுகிறவரும் போக, சாவுக்கு 12 பேருக்கு மேல் வரக் கூடாது. வேலை வாங்குகிறதோடு நிற்காத ஒரு ஊர், எத்தனை பேர் அழலாம் என்பதற்கும் கணக்கு வைத்திருந்தது.

இன்னொரு சம்பவமும் இருக்கு, விட மனசில்ல. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் நியூயார்க் மருத்துவ மாணவர்களுக்கு அறுத்துப் படிக்கப் பிணம் தேவைப்பட்டது. எங்கே போவார்கள்? ராத்திரியில் இந்த இடுகாட்டுக்கு. 1788 பிப்ரவரியில் நகரத்தின் கறுப்பின மக்கள் நகர மன்றத்துக்கு மனுவே கொடுத்தார்கள். எங்கள் பிணங்களைத் திருடுகிறார்கள், தடுத்து நிறுத்துங்கள் என்று. ஒன்றும் நடக்கவில்லை. அதே வசந்தத்தில் டிரினிட்டி தேவாலயத் தோட்டத்திலிருந்து ஒரு வெள்ளையரின் பிணம் காணாமல் போனது என்ற செய்தி பரவியது. ஏப்ரலில் ஊரே திரண்டு ஆஸ்பத்திரியை அடித்து நொறுக்கியது. 'டாக்டர்கள் கலவரம்' என்று வரலாற்றுப் புத்தகங்களில் இருக்கிறது. பிப்ரவரி மனு அந்தப் புத்தகங்களில் பெரும்பாலும் ஒரு வரியோடு முடிந்துபோகும்.

இப்போ 1991-92க்குத் திரும்புவோம். களத்தில் இரண்டு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று தொல்லியலாளர்களுடையது. ஒரு எலும்புக்கூட்டைத் தூரிகையும் சின்னக் கரண்டியும் வைத்து வெளியே கொண்டுவந்து, படம் வரைந்து, போட்டோ எடுத்து, ஒவ்வொரு எலும்பாக எடுக்க நாள்கணக்கில் ஆகும். சவப்பெட்டியின் மரம் மக்கிப்போய் மண்ணில் வெறும் கறையாகத்தான் இருக்கும். அந்தக் கறைதான் ஆதாரம். அவசரமாக ஒரு தடவை சுரண்டினால் அது போயே போச்சு. இன்னொன்று காண்ட்ராக்டருடைய கடிகாரம். அங்கே தாமதம் என்றால் டாலர் கணக்கு. தொல்லியல் குழுவை வேகப்படுத்தச் சொல்லி அழுத்தம். ஒரு பக்கம் கல்லறை தோண்டிக்கொண்டிருக்க, அதே மனையின் இன்னொரு பக்கம் கட்டுமானமும் நடந்தது. 1992 பிப்ரவரியில் ஒரு கான்கிரீட் அடித்தளம் போட்டபோது, தோண்டி முடிக்காத கல்லறைகள் நாசமாயின. பழைய வரைபடத்தை வைத்து வேலை செய்ததால் வந்த தவறு என்று விளக்கம் சொன்னார்கள்.

இதற்குள் விஷயம் தெருவுக்கு வந்துவிட்டது. வேலிக்கு வெளியே மக்கள் கூடினார்கள், இரவெல்லாம் விழித்திருந்து பிரார்த்தனை செய்தார்கள். அவர்கள் கேட்டது எளிமையான கேள்வி. எங்கள் முன்னோர்களைத் தோண்டுகிறீர்கள், எங்களை யார் கேட்டீர்கள்? நகரத்தின் முதல் கறுப்பின மேயர் டேவிட் டிங்கின்ஸ் அப்போது பதவியில் இருந்தார். அவரும் தோண்டுவதை நிறுத்தச் சொன்னார். ஆனால் அது மத்திய அரசு நிலம். 106ஆம் பிரிவோ, முன்னாடி சொன்ன மாதிரி, 'பாருங்கள்' என்று மட்டும்தான் சொல்கிறது. ஜிஎஸ்ஏ, நாங்கள் சட்டப்படிதான் செய்கிறோம் என்றது. ஏறக்குறைய சரிதான்.

நிறுத்தியது சட்டம் இல்லை, பணம். நாடாளுமன்றப் பிரதிநிதிகள் சபையில் பொதுக் கட்டடங்களுக்கான துணைக் குழுவின் தலைவராக இருந்தவர் கஸ் சாவேஜ், சிகாகோக்காரர், கறுப்பினத்தவர். ஜிஎஸ்ஏ எதைக் கட்ட வேண்டுமானாலும் இந்தக் குழுவின் ஒப்புதல் வேண்டும். 1992 ஜூலையில் நியூயார்க்கிலேயே விசாரணை நடத்தினார். நீங்கள் நிறுத்தாவிட்டால் உங்கள் வேறு எந்தத் திட்டமும் என் குழுவைத் தாண்டாது என்று வெளிப்படையாகவே மிரட்டினார். சில நாட்களில் தோண்டுவது நின்றது. வேடிக்கை என்னவென்றால், அந்த மார்ச் மாதமே தன் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் அவர் தோற்றிருந்தார். இன்னும் சில மாதம்தான் பதவி. இழக்க ஒன்றுமில்லாத அரசியல்வாதி சில சமயம் ரொம்ப உபயோகமானவர் என்பது என் கருத்து.

அக்டோபரில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்ற, அதிபர் ஜார்ஜ் புஷ், அப்பா புஷ், கையெழுத்துப் போட்டார். கோபுரத்தோடு ஒட்டி வரவிருந்த 4 மாடிக் கட்டடம் கைவிடப்பட்டது. நினைவிடத்துக்கு 30 லட்சம் டாலர் வரை ஒதுக்கப்பட்டது. 34 மாடிக் கோபுரம் மட்டும் எழும்பியது. 4 மாடிக் கட்டடம் வராத அந்தத் துண்டு நிலத்தில் தோண்டாமல் விட்ட கல்லறைகள் இப்போதும் இருக்கின்றன. தோண்டிய பகுதியிலிருந்து வெளியே வந்தவர்கள் 419 பேர்.

அடுத்த சண்டை எலும்புகளைப் பற்றி. முதலில் அவை நியூயார்க்கிலேயே ஒரு கல்லூரியில் தடயவியல் மானுடவியலாளர்களிடம் போயின. குற்ற வழக்குகளில் பிணத்தை அடையாளம் காணும் முறை அவர்களுடையது. ஆணா பெண்ணா, வயசு என்ன, இனம் என்ன. எலும்பைப் பார்த்து 'கறுப்பர்' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. மைக்கேல் பிளேக்கி என்ற மானுடவியலாளர் இதை ஏற்கவில்லை. கறுப்பர்கள் என்பது இடுகாட்டின் பெயரிலேயே இருக்கிறதே, அதையா ஆராய்ச்சி செய்து கண்டுபிடிக்க வேண்டும்? எந்த ஊரில் பிறந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள், இங்கே வந்து எப்படி மாறினார்கள், எப்படி எதிர்த்தார்கள். இந்த நாலு கேள்விகள்தான் ஆய்வின் அடிப்படை ஆயின. கறுப்பினச் சமூகத்தினரோடு கூட்டங்கள் நடத்திப் பேசி உருவான கேள்விகள் இவை. எலும்புகள் வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்குப் போயின. அது வரலாற்று ரீதியாகக் கறுப்பினத்தவர்களுக்கான பல்கலைக்கழகம்.

கேள்வி மாறினா பதிலும் மாறும்ங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

உதாரணத்துக்கு, பற்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்களின் முன்பற்கள் அழகுக்காக அரம் வைத்து ராவி, கூராகவோ வேறு வடிவத்திலோ மாற்றப்பட்டிருந்தன. இது ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் இருந்த வழக்கம். பல்லின் எனாமலில், குழந்தைப் பருவத்தில் குடித்த தண்ணீர், தின்ற உணவின் வேதியியல் தடம் தங்கிவிடும். பிறகு எங்கே போனாலும் அது மாறாது. அதை வைத்து, இவர் கடலுக்கு அந்தப் பக்கம் வளர்ந்தவர், இவர் இங்கேயே பிறந்தவர் என்று பிரிக்க முடிந்தது. குழந்தையாக இருந்தபோது பட்டினியோ கடும் நோயோ வந்திருந்தால் அதுவும் எனாமலில் கோடாக விழுந்திருக்கும்.

எலும்புகள் வேலையைச் சொல்லின. தசை ஒட்டும் இடங்கள் புடைத்து, சில இடங்களில் பிய்ந்து போயிருந்தன, பெண்களுக்கும்கூட. சிலரின் மண்டையோட்டு அடிப்பகுதியில், தலைச்சுமையின் பாரத்தால் கழுத்தெலும்பு மேலே அழுத்தியதால் வரக்கூடிய வளைய வடிவ முறிவு. வயது கணிக்க முடிந்தவர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் 15 வயதுகூட நிரம்பாதவர்கள். ஒரு பெண்ணின் கை மடிப்பில் பிறந்த குழந்தை ஒன்று. இருவரையும் ஒரே பெட்டியில் வைத்திருந்தார்கள்.

கல்லறை எண் 25. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பெண். விலா எலும்புக்கூட்டுக்குள் ஒரு துப்பாக்கிக் குண்டு. முகத்தில் அடிபட்ட முறிவு, மணிக்கட்டுப் பக்கம் முறிவு. யார் சுட்டார்கள், எதற்கு என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. கல்லறை எண் 340, நடுவயது தாண்டிய பெண். ராவிய பற்கள். இடுப்பைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட மணிகளும் சோழிகளும் கோத்த இடுப்பு மாலை. அடிமைக்குச் சொத்து கிடையாது என்ற ஊரில் அவர் அதைக் கடைசிவரை வைத்திருந்திருக்கிறார். அடக்கம் செய்தவர்களும் கழற்றி விற்காமல் அவரோடு புதைத்திருக்கிறார்கள்.

அதைவிடப் பிரபலம், கல்லறை எண் 101. ஒரு ஆணின் சவப்பெட்டி மூடியில் இரும்பு ஆணிகளை அடித்து இதயம் மாதிரி ஒரு வடிவம் செய்திருந்தார்கள். இது கானா நாட்டு அகான் மக்களின் 'சங்கோஃபா' குறியீடு என்று ஆய்வுக் குழு சொன்னது. 'திரும்பிப் போய் எடுத்து வா' என்பது அதன் பொருள். நினைவிடத்தின் சுவரிலும் அது பெரிசாகச் செதுக்கப்பட்டது. 2010இல் வரலாற்றாசிரியர் எரிக் சீமன் மறுப்பு எழுதினார். அக்காலத்து ஆங்கிலேய, அமெரிக்கச் சவப்பெட்டிகளிலும் ஆணியில் இதய வடிவம் அடிப்பது சகஜம், சங்கோஃபா அந்தக் காலத்திலேயே இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று. எனக்கு சீமன் வாதம் வலுவாகத் தெரிகிறது. ஆனா ஒண்ணு. அது வெறும் இதயமாகவே இருந்தாலும், யாரோ ஒருத்தர் இந்த மனிதருக்காக உட்கார்ந்து ஒவ்வொரு ஆணியாக அடித்திருக்கிறார் இல்லையா? 12 பேருக்கு மேல் வரக் கூடாத சாவுக்கு.

நடுவில் ஒரு கண்டம். இந்தக் களத்தின் பொருட்களை ஆராய்ந்த ஆய்வுக்கூடம் இருந்தது உலக வர்த்தக மைய வளாகத்தின் 6ஆம் எண் கட்டடத்தின் அடித்தளத்தில். 2001 செப்டம்பர் 11 அன்று அது சிதைந்தது. எலும்புகள் வாஷிங்டனில் இருந்ததால் தப்பின. இடுகாட்டுப் பெட்டிகளில் பெரும்பகுதியை இடிபாட்டிலிருந்து மீட்டார்கள். ஆனால் பக்கத்து மனையில், அதே திட்டத்தின் நீதிமன்றக் கட்டடத்துக்காகத் தோண்டிய 'ஃபைவ் பாயின்ட்ஸ்' குடியிருப்பின் சேகரிப்பும் அங்கேதான் இருந்தது. சுமார் 8,50,000 பொருட்கள். வேறிடத்துக்கு இரவல் கொடுத்திருந்த 18 மட்டும் மிச்சம்.

2003 அக்டோபரில் 419 பேரும் திரும்பி வந்தார்கள். கானாவில் கையால் செதுக்கிய மரப் பெட்டிகளில், வாஷிங்டனிலிருந்து பால்டிமோர், ஃபிலடெல்ஃபியா என்று ஊர் ஊராக நின்று அஞ்சலி வாங்கிக்கொண்டு வந்தார்கள். அக்டோபர் 4 அன்று, எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதைக்கப்பட்டார்கள். எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம் என்ற சாவு. ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அந்த இடத்தில் இப்போது ஏழு புல் மேடுகள் இருக்கின்றன. 2006இல் அது தேசிய நினைவுச் சின்னம் ஆனது. ஹைட்டி வம்சாவளிக் கட்டடக் கலைஞர் ராட்னி லியான் வடிவமைத்த நினைவிடம் 2007இல் திறக்கப்பட்டது.

நியூயார்க்கில் இது ஒன்றுதான் என்று நினைக்காதீங்க. ஹார்லெமில் 126ஆவது தெருவில் ஒரு பஸ் டிப்போ இருந்தது. அந்த இடம் முன்பு டச்சுச் சீர்திருத்தத் தேவாலயம் ஒன்றின் கறுப்பின இடுகாடு. அது தெரிந்த உள்ளூர்க்காரர்கள் டிப்போ மூடுவதற்குப் பல வருஷம் முன்பே ஒரு குழு அமைத்து, தோண்டுவதானால் எங்களை வைத்துக்கொண்டு தோண்டுங்கள் என்று கேட்டு வந்தார்கள். 2015 ஜனவரியில் டிப்போ மூடியது. அந்தக் கோடையில், பஸ்கள் நின்ற தளத்துக்கு அடியில் தொல்லியலாளர்கள் இறங்கினார்கள். ஒரு மண்டையோடும் 140க்கும் மேற்பட்ட எலும்புத் துண்டுகளும் கிடைத்தன. அந்த மனையில் வீடுகளோடு ஒரு நினைவிடமும் கட்டுவதாகத் திட்டம்.